268-ம் எண் இசைத்தட்டு: வாரன் ஸ்மித்தின் பாட்டு வாழ்க்கை

வாரன் ஸ்மித் 1956-க்கும் 1959-க்கும் இடையில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்த சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக ஐந்தே ஐந்து இசைத்தட்டுகள் பாடினார். பிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, லிபர்ட்டி நிறுவனத்தில் கன்ட்ரி பாடகராக இரண்டு பாடல்களை அந்த இசைக்கான பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுபோனார். 47 வயதில் இறந்தார். எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ், ஜானி கேஷ், ராய் ஆர்பிசன், ஜெர்ரி லீ லூயிஸ் என்று சன் நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல வருகிற யாரும் அடுக்கும் பெயர்களில் ஸ்மித்தின் பெயர் அநேகமாக இருக்காது. ஆனால் அங்கே பதிவான, கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ராக்கபில்லிப் பாடல்களில் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுக்கச் சொன்னால், ஸ்மித்தின் மூன்று நான்கு பாடல்களை விட்டுவிட்டுப் பட்டியல் போட முடியாது.

இதில் ஒரு முரண் உண்டு. ஸ்மித்தின் மனசெல்லாம் கன்ட்ரி இசையில் இருந்தது. ராக்கபில்லி அன்றைய சந்தை கேட்ட சரக்கு, கேட்டார்கள், பாடினார். அவர் ஆசைப்பட்டுப் பாடிய கன்ட்ரி வெற்றிகளை இன்று ஆர்வலர்கள் மட்டுமே தேடிக் கேட்கிறார்கள். சன் ஸ்டூடியோவில் பதிவாகி, வெளியாகாமல் அலமாரியில் கிடந்த சில நிமிடப் பாட்டுகளோ தலைமுறை தாண்டி ஒலிக்கின்றன.

பருத்தி வயலிலிருந்து பாட்டு மேடைக்கு

ஸ்மித் 1932 பிப்ரவரி 7 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹம்ஃப்ரீஸ் வட்டாரத்தில் பிறந்தார். வளர்ந்தது லூயிஸ் என்ற சிற்றூரில், அம்மா வழித் தாத்தா பாட்டியின் வீட்டில். அவர்களுக்குச் சிறிய பண்ணையும் ஒரு துணிக்கடையும் இருந்தன. பருத்தி விளைகிற டெல்டா பகுதி அது. வெள்ளையர் வீட்டு வானொலியில் கன்ட்ரியும், வயலில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டில் ப்ளூஸும் ஒரே காற்றில் கலந்து கேட்கும். இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த பையன்கள்தான் பின்னால் ராக்கபில்லி பாடினார்கள்.

அமெரிக்க விமானப்படையில் சேர்ந்த ஸ்மித்துக்கு டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பணி. மாலைப்பொழுதைப் போக்க அங்கேதான் கிதார் வாசிக்கப் பழகினார். படையிலிருந்து வெளியே வந்ததும் ஊருக்குத் திரும்பவில்லை. மிசிசிப்பி ஆற்றுக்கு இக்கரையில் மெம்ஃபிஸ், அக்கரையில் வெஸ்ட் மெம்ஃபிஸ். அக்கரை ஊரின் காட்டன் கிளப்பில் கிளைட் லெப்பார்ட் நடத்திய 'ஸ்னியர்லி ராஞ்ச் பாய்ஸ்' என்ற குழு வாசித்துவந்தது. ஸ்மித் அங்கே பாடிக்காட்டி இடம் பிடித்தார்.

அந்தக் குழுவில் ஸ்டீல் கிதார் வாசித்தவர் ஸ்டான் கெஸ்லர். எல்விஸ் சன் நிறுவனத்தில் பாடிய பாடல்களில் சிலவற்றை எழுதியவர்களில் ஒருவர் அவர். அதனால் நிறுவனத்தின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸிடம் நேராகப் போய்ப் பேசுகிற உரிமை அவருக்கு இருந்தது. ஸ்மித்தை அவர்தான் ஃபிலிப்ஸிடம் கூட்டிப்போனார். குழுவே பின்னணி வாசிக்க ஸ்மித் பாடினார். ஃபிலிப்ஸுக்குக் குரல் பிடித்துப்போனது.

யூனியன் அவென்யூ, கதவு எண் 706

ஃபிலிப்ஸ் 1950-ல் மெம்ஃபிஸ் யூனியன் அவென்யூவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். 1952-ல் சன் என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார். முதலில் பாடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். 1954 ஜூலையில் எல்விஸ் அங்கே பாடிய பிறகு நிறுவனத்தின் திசை மாறியது. 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்ற ஃபிலிப்ஸ், கைக்கு வந்த பணத்தை மற்றப் பாடகர்கள்மேல் போட்டார். 1956 தொடக்கத்தில் கார்ல் பெர்க்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' நாடெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்மித் உள்ளே நுழைந்தது சரியாக அந்த நேரத்தில்.

அந்தக் கூடத்துக்கென்றே ஓர் ஒலி உண்டு. பாட்டு ஒரு டேப் ரெக்கார்டரில் பதியும்போதே இன்னொரு ரெக்கார்டர் வழியாக ஒரு கணம் பிந்தி மறுபடி வந்து கலக்கும். குரலுக்குப் பின்னால் அதே குரல் சுவரில் மோதித் திரும்புவதுபோல் கேட்கும். இதோடு டபுள் பேஸின் தந்தியை இழுத்துவிட்டுப் பலகையில் அறைகிற 'ஸ்லாப்' முறையும் சேர்ந்தால், நாலைந்து பேர் வாசித்ததே ஒரு பெரும் கூட்டம் வாசித்ததுபோல் ஆகிவிடும். ராக்கபில்லியின் அடையாளமே இதுதான். மலைப்புறத்துக் கன்ட்ரிப் பாட்டை ப்ளூஸின் தாளத்தில் வேகமாகப் பாடிய இந்தப் பாணி, உச்சத்தில் இருந்தது மூன்று நான்கு ஆண்டுகள்தான்.

1956 பிப்ரவரி 5 அன்று ஸ்மித் பதிவுசெய்த 'ராக் அண்ட் ரோல் ரூபி', 239 என்ற எண்ணில் வெளியானது. நடனமாடும் பெண்ணொருத்தியைப் பற்றிய சாதாரணப் பாட்டு. எழுதியவர் என்று தட்டில் அச்சானது ஜானி கேஷின் பெயர். ஸ்மித் பிற்காலத்தில் வேறு கதை சொன்னார்: எழுதியவர் கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் என்றும், கேஷ் அதை 40 டாலருக்கு வாங்கிக்கொண்டார் என்றும். பாட்டை மொத்தமாக விற்றுவிட்டுப் பெயரையும் விட்டுக்கொடுப்பது அந்த நாளில் சாதாரண வழக்கம் என்பதால் இந்தப் பேச்சு இன்றுவரை அடங்கவில்லை. தட்டின் மறுபக்கம் 'ஐட் ராதர் பி சேஃப் தேன் சாரி', கலப்பில்லாத கன்ட்ரி. ஒருபக்கம் இளைஞர்களுக்கு, மறுபக்கம் அவர்களுடைய அப்பாக்களுக்கு என்று தட்டைப் பிரிப்பது ஃபிலிப்ஸின் வாடிக்கை.

மே மாதக் கடைசிக்குள் மெம்ஃபிஸ் வட்டாரப் பட்டியலில் 'ரூபி' முதலிடத்துக்கு வந்தது. எல்விஸ், கேஷ், பெர்க்கின்ஸ் மூவரும் சன் நிறுவனத்தில் போட்ட முதல் தட்டுகளைவிட ஸ்மித்தின் முதல் தட்டு அதிகம் விற்றது என்பதை அந்த நிறுவனத்தின் வரலாற்றாசிரியர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த வெற்றியோடு வெஸ்ட் மெம்ஃபிஸ் குழுவுடனான உறவு முறிந்தது. வருமானத்தைப் பங்கு போடுவதாகப் பேச்சு இருந்ததென்றும் ஸ்மித் அதிலிருந்து பின்வாங்கினார் என்றும் குழுவினர் சொன்னார்கள். ஸ்மித் தனக்கென்று ஒரு குழு சேர்த்தார். கிதாரில் அல் ஹாப்சன், பேஸில் மார்கஸ் வான் ஸ்டோரி, டிரம்ஸில் ஜிம்மி லாட். பின்னால் பேர் பெற்ற பாட்டுகளுக்கு முதுகெலும்பு இந்த மூவரும்தான்.

இருநூறு வருடப் பழசும் ஒரு கோமாளிப் பாட்டும்

1956 செப்டம்பரில் வந்த இரண்டாவது தட்டு, எண் 250, சன் நிறுவனத்தின் விசித்திரமான வெளியீடுகளில் ஒன்று. ஒரு பக்கம் 'பிளாக் ஜாக் டேவிட்'. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி நாடோடி ஒருவனோடு எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பிவிடுகிற கதை. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 18-ம் நூற்றாண்டிலேயே பாடப்பட்ட நாட்டார் பாட்டு இது. பிரான்சிஸ் சைல்ட் தொகுத்த பெருந்தொகுப்பில் 200-ம் எண். குடியேறிகளோடு கடல் கடந்து அமெரிக்கத் தெற்கின் மலைகளுக்குப் போய், பல வடிவம் எடுத்து, 1940-ல் கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டாகவும் ஆனது. ராக் அண்ட் ரோல் பாடகர் ஒருவர் பதிவுசெய்த பாட்டுகளில் இதைவிடப் பழையது இருக்குமா என்பது சந்தேகமே. ஸ்மித் இதைக் காட்சிப்பொருளாக்கவில்லை. அவருடைய மூக்கோசை கலந்த தெற்கத்திக் குரலில், நேற்று பக்கத்துத் தெருவில் நடந்த சம்பவம்போல் கதை நகர்கிறது. அவர் எவ்வளவு நல்ல கன்ட்ரி பாடகர் என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

மறுபக்கம் 'உபாங்கி ஸ்டாம்ப்', சார்லஸ் அண்டர்வுட் எழுதியது. உபாங்கி என்பது மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோவோடு கலக்கும் ஆறு. அங்கே போன ஒருவன் மக்கள் ராக் அண்ட் ரோல் ஆடுவதைப் பார்த்ததாகப் பாட்டு. ஆப்பிரிக்கரையும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் ஒன்றாகக் குழப்பி, இருவரையும் ஹாலிவுட் கேலிச்சித்திரமாகக் காட்டும் வரிகள் இன்று காது கூசவைக்கும். வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பினத்தாரின் இசையை எடுத்துக்கொண்டே அவர்களைக் கேலியும் செய்த காலத்தின் சாட்சி அது. ஆனாலும் தாளக்கட்டில் இது சன் பதிவுகளின் உச்சங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. ஜெர்ரி லீ லூயிஸ் இதைத் திரும்பப் பாடினார். 1981-ல் 'ஸ்ட்ரே கேட்ஸ்' குழு தன் முதல் ஆல்பத்திலும் சேர்த்துக்கொண்டது.

தட்டு சுமாராகத்தான் விற்றது.

பக்கத்து எண்ணின் நிழல்

1957 வசந்தத்தில் சன் நிறுவனம் அடுத்தடுத்து இரண்டு தட்டுகளை வெளியிட்டது. எண் 268, ஸ்மித்தின் 'ஸோ லாங் ஐம் கான்'. எழுதியவர் அப்போது அதே நிறுவனத்தில் பாடிக்கொண்டிருந்த ராய் ஆர்பிசன். பிரிந்து போகிறவன் அழாமல் விடைபெறுகிற மெல்லிய பாட்டு. ஸ்மித்தின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தது. கார்ல் பெர்க்கின்ஸோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய ஸ்மித்துக்கு இது முதல்முறையாக நாடு தழுவிய கவனத்தைத் தந்தது. பில்போர்டு பத்திரிகையின் முதல் நூறு பாப் பாடல்களுக்குள் நுழைந்து, 70-க்கும் 80-க்கும் இடைப்பட்ட ஓர் இடத்தைத் தொட்டது. சன் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுவே. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் மேலே போயிருக்கும்.

தள்ள ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் எண் 267. அது ஜெர்ரி லீ லூயிஸின் 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயின் ஆன்'.

சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்கு வெற்றியே ஆபத்தாக முடிகிற காலம் அது. பாட்டு ஓடத் தொடங்கினால் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு உடனே பணம் வைக்க வேண்டும். விற்ற பணத்தை வினியோகஸ்தர்கள் மாதக்கணக்கில் இழுத்துத்தான் தருவார்கள். இரண்டு பாட்டுகளை ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்த ஃபிலிப்ஸிடம் பணமோ ஆட்களோ இல்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இருப்பதை எல்லாம் அவர் லூயிஸ்மேல் வைத்தார். ஜூலை கடைசியில் ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லூயிஸ் தோன்றியதும் அந்தத் தட்டு நாட்டையே ஆட்டிவைத்தது. வியாபாரக் கணக்கில் ஃபிலிப்ஸ் செய்தது சரி என்றே சொல்ல வேண்டும். அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் ஸ்மித் ஒருவர். அதே வருடம் பில்லி லீ ரைலியின் 'ரெட் ஹாட்' பாட்டுக்கும் இதே கதி நேர்ந்தது; லூயிஸின் அடுத்த தட்டுக்காக அது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

268-ன் மறுபக்கத்தை அன்று வானொலிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 'மிஸ் ஃப்ராகி' என்ற அந்தப் பாட்டுதான் இன்று ஸ்மித்தின் பெயரைச் சொன்னதும் ராக்கபில்லி பிரியர்கள் முதலில் நினைப்பது. ப்ளூஸ் மரபின் பழைய உவமைகளை அடுக்கிக்கொண்டே போகும் வரிகளுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. விஷயம் வாசிப்பில் இருக்கிறது. ஜிம்மி லாட்டின் டிரம்ஸ் ஓட ஓட, அல் ஹாப்சனின் கிதார் வெறிபிடித்ததுபோல் குறுக்கே பாய்கிறது; ஸ்மித் பதற்றமே இல்லாமல் அதன்மேல் சவாரி செய்கிறார். அந்த வகை இசையில் பலர் கத்தினார்கள், விக்கினார்கள், குரலை உடைத்தார்கள். ஸ்மித் இதில் எதையும் செய்யவில்லை. வேகப் பாட்டிலும் சுருதி பிசகாமல், சொல் தேயாமல் பாடுவார். இது கன்ட்ரி பாடகரின் ஒழுங்கு. ராக்கபில்லி பாடியபோதும் அவர் கன்ட்ரி பாடகராகவே இருந்தார் என்பதைக் காதுள்ள யாரும் இந்தப் பதிவில் கேட்கலாம்.

1957 கடைசியில் வந்தது 'காட் லவ் இஃப் யூ வான்ட் இட்'. லூயிசியானாவைச் சேர்ந்த ப்ளூஸ் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போவின் பாட்டு. அசல் வெளிவந்த அதே வருடமே ஸ்மித் அதை எடுத்துப் பாடிவிட்டார். அதற்குப் பிறகு டான் கிப்சனின் 'ஸ்வீட் ஸ்வீட் கேர்ல்' பாட்டைத் தாங்கி எண் 314 வெளியானது. பில்போர்டு நல்ல விதமாக எழுதியும் தட்டு நகரவில்லை. சன் நிறுவனத்தோடு அவருடைய கணக்கு அத்தோடு முடிந்தது. அவர் பெயரில் அங்கே ஓர் ஆல்பம்கூட வரவில்லை.

அலமாரியில் கிடந்தவை

வெளியானவை ஐந்து தட்டுகள், பத்துப் பாட்டுகள். அதற்கு ஈடாக இன்னொரு பங்கு பதிவாகி வெளிவராமல் கிடந்தது. அவற்றில் தலையானது 'ரெட் காடிலாக் அண்ட் எ பிளாக் மஸ்டாஷ்'. தன் காதலியைச் சிவப்பு காடிலாக் காரில் கறுப்பு மீசைக்காரன் ஒருவனோடு பார்த்ததாகக் கேள்விப்பட்டவன் அவளிடம் விசாரிக்கிறான். பொறாமையைப் பாடும் பாட்டுகள் பெரும்பாலும் அழும், அல்லது அடிக்க வரும். இதில் ஸ்மித் இரண்டும் இல்லாமல் கேள்வி கேட்கிறார். அந்த நிதானம்தான் மிரட்டுகிறது. இதை ஃபிலிப்ஸ் ஏன் வெளியிடாமல் விட்டார் என்று பின்னால் கேட்காத ஆள் இல்லை.

'யுரேனியம் ராக்' இன்னொன்று. அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த ஐம்பதுகளில், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் யுரேனியம் தேடிச் சாதாரண மக்களே கைகர் கருவியோடு மலை ஏறினார்கள். அரசு நல்ல விலைக்கு வாங்கியது. அந்தப் பேராசையைச் சிரிப்பாக்குகிற பாட்டு இது. ஹாங்க் ஸ்னோவின் 'கோல்டன் ராக்கெட்', 'டுநைட் வில் பி த லாஸ்ட் நைட்' போன்ற நேரான கன்ட்ரிப் பதிவுகளும் அதே அலமாரியில் தூங்கின.

கலிஃபோர்னியாவில் நினைத்தது நடந்தது

1959-ல் ஸ்மித் மனைவியோடும் மகனோடும் கலிஃபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸுக்குப் போனார். பக்கத்திலேயே ஜானி கேஷின் வீடு. கேஷ் அப்போது பெரிய நட்சத்திரம். தன் நிகழ்ச்சிகளில் முதலில் பாடும் வாய்ப்பைத் தருவதாகச் சொன்னார். ஸ்மித் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் நட்சத்திரம்தான், இன்னொருவர் மேடைக்கு முன்பாட்டுக்காரனாகப் போவதா என்பது அவர் எண்ணம். அந்தத் தன்மானம் அவருக்குப் பலமுறை குறுக்கே நின்றிருக்கிறது.

1960 தொடக்கத்தில் லிபர்ட்டி நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே கன்ட்ரிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஜோ அலிசன். ராக் வேண்டாம், கன்ட்ரி பாடுங்கள் என்ற இடத்துக்கு ஸ்மித் கடைசியில் வந்துசேர்ந்தார். முதல் பாட்டே பலித்தது. ஹார்லன் ஹோவர்ட் எழுதிய 'ஐ டோன்ட் பிலீவ் ஐல் ஃபால் இன் லவ் டுடே' கன்ட்ரிப் பட்டியலில் 5-ம் இடத்துக்குப் போனது. 1961-ல் ஹோவர்டின் இன்னொரு பாட்டான 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' 7-ம் இடம். அதே வருடம் ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஒய் பேபி ஒய்' பாட்டை ஷர்லி காலியோடு சேர்ந்து பாடினார்; முதல் 25-க்குள் வந்தது. இந்த ஷர்லி காலிதான் அடுத்த வருடம் வில்லி நெல்சனோடு பாடி, பின்னால் அவரை மணந்துகொண்டவர். லிபர்ட்டி அந்த வருடமே ஸ்மித்தின் ஆல்பத்தையும் வெளியிட்டது.

இந்தப் பதிவுகளின் ஸ்டீல் கிதார் ரால்ஃப் மூனியின் கைவண்ணம். அன்றைய நாஷ்வில் கன்ட்ரி, வயலினும் கோரஸும் பூசி மெருகேற்றப்பட்டுக்கொண்டிருந்தது. மேற்குக் கரையில் அந்த மெருகு இல்லை. பளிச்சென்று ஸ்டீல் கிதாரும் துள்ளும் தாளமும்தான். பக் ஓவன்ஸால் பின்னர் உலகறிந்த பேக்கர்ஸ்ஃபீல்ட் பாணி இது. ஸ்மித்தின் லிபர்ட்டிப் பாட்டுகள் அந்தப் பாணியின் தொடக்கக்கால நல்ல மாதிரிகள். ஆனால் அந்த வரலாற்றிலும் அவர் பெயரை ஓவன்ஸும் மெர்ல் ஹாகர்டும் மறைத்துவிட்டார்கள். 'கால் ஆஃப் த வைல்ட்' 26-ம் இடம் பிடித்தது. பிறகு வந்தவை பட்டியலின் கீழ்வரிசைகளில் தலைகாட்டிப் போயின. 1964-ன் 'ப்ளூ ஸ்மோக்'கோடு பட்டியலில் அவருடைய காலம் முடிந்தது.

விபத்தும் சிறையும்

1965 ஆகஸ்ட் 17 அன்று டெக்சஸின் லா கிரேஞ்ச் ஊருக்கருகே ஸ்மித் பெரும் கார் விபத்தில் சிக்கினார். முதுகில் பலத்த அடி. எழுந்து நடமாட ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் லிபர்ட்டி ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. மாத்திரையும் மதுவும் அவரைப் பிடித்துக்கொண்டன. சிறு நிறுவனங்களுக்குப் பாடிப் பார்த்தார். மெர்க்குரி என்ற பெரிய நிறுவனத்தில் கிடைத்த வாய்ப்பும் கைநழுவியது. மருந்துக்கடைக் கொள்ளை வழக்கில் அலபாமா சிறையில் 18 மாதம் கழித்தார். வெளியே வந்து டெக்சஸின் லாங்வியூவில் குடியேறி, பாட்டுக்கு வெளியே வேலை பார்த்துப் பிழைத்தார்.

லண்டனில் எழுந்து நின்ற கூட்டம்

அவருக்கே தெரியாமல் ஐரோப்பாவில் அவருடைய பாட்டுகளுக்கு ஒரு வாழ்க்கை உருவாகியிருந்தது. 1969-ல் சன் நிறுவனத்தை ஷெல்பி சிங்கிள்டன் விலைக்கு வாங்கினார். எழுபதுகளின் நடுவில் பிரிட்டனின் சார்லி நிறுவனம் அந்த ஒலிநாடாக்களுக்கு உரிமம் பெற்று, வெளிவராத பதிவுகள் உள்பட வரிசையாக வெளியிட்டது. பிரிட்டனில் ஐம்பதுகளின் உடையும் சிகையுமாகத் திரிந்த 'டெடி பாய்' இளைஞர்களுக்கு இது புதையல். அசல் ராக் அண்ட் ரோலை வானொலியில் ஒலிபரப்பச் சொல்லி 1976-ல் ஆயிரக்கணக்கானோர் லண்டன் பிபிசிக்கு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குப் பெரிய பெயர் தேவையில்லை. 'மிஸ் ஃப்ராகி' பாடியவர் உயிரோடு இருந்தால் போதும்.

1977 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ அரங்கில் சார்லி ஃபெதர்ஸ், பட்டி நாக்ஸ், ஜாக் ஸ்காட் ஆகியோரோடு பாட ஸ்மித்துக்கு அழைப்பு வந்தது. சொந்த ஊரில் மறந்துபோன மனிதர் மேடையேறியதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய பாட்டுகளின் ஒவ்வொரு சொல்லும், அப்போது பிறந்தேயிராத பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் வெளியானது. 1978 நவம்பரில் இரண்டாவது முறை ஐரோப்பா போனார். வரவேற்பு முன்னைவிடப் பெரிது. மறுபடி அங்கே போகும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, 1980 ஜனவரி 30 அன்று மாரடைப்பால் இறந்தார்.

அவர் போன பிறகும் அலமாரிப் பாட்டுகள் அலைந்துகொண்டிருக்கின்றன. சன் நிறுவனத்துக்கு மரியாதை செலுத்த 2001-ல் வெளியான 'குட் ராக்கின் டுநைட்' ஆல்பத்துக்கு பாப் டிலன் பாடித் தந்தது 'ரெட் காடிலாக் அண்ட் எ பிளாக் மஸ்டாஷ்'. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பாட்டுகள் எத்தனையோ இருக்க, அது தன் காலத்தில் வெளியிடாமலே விட்ட ஒன்றை டிலன் பாடியிருந்தார். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் ஸ்மித்தின் பதிவுகளை விரிவாகத் தொகுத்தது. சன் காலத்துக்கு ஒன்று, லிபர்ட்டிக் காலத்துக்கு ஒன்று என்று தனித்தனி குறுந்தகடுகள். ராக்கபில்லி விரும்பிகள் முதலாவதை வாங்குகிறார்கள். அவர் எப்படிப் பாட விரும்பினார் என்று அறிய வேண்டியவர்களுக்கு இரண்டாவதும் வேண்டும்.